பாசியும் பயிரும் சேர்த்து வைக்கும் மாவுச் சத்து

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் சாக்கடை நீர் கலக்கும் ஏரி குளங்களில், கோடை நாட்களின் விடியற்காலையில், பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியது போன்ற படலம் கரையோரம் மிதப்பதுண்டு. பிற்பகலில் அதே இடத்தில் படலம் மெலிந்து காணப்படும். சில நாட்களில் சுவடே தெரியாது. பாசி ஒழிந்துவிட்டது என்று எண்ணி மாட்டைத் தண்ணீருக்கு ஓட்டி வருவோரும் உண்டு. மறுநாள் விடிந்தால் படலம் மீண்டும் அங்கேயே இருக்கும்.

பாசி எங்கும் போய் வரவில்லை. பகலில் வெயிலைக் கொண்டு உணவு தயாரித்துச் சேர்த்ததால் அதன் உடல் கனத்து நீருக்குள் இறங்கியது. இரவில் அந்தச் சேமிப்பைச் செலவிட்டதால் இலேசாகி மேலே வந்தது.

விதை நெல்லை உப்பு நீரில் இடும்போது விவசாயிகள் காண்பதும் ஏறக்குறைய இதைத்தான். மாவுச் சத்து நிரம்பிய மணி மூழ்குகிறது. நிரம்பாத மணி மிதக்கிறது. இந்தச் சேமிப்பு எப்படி உண்டாகிறது, எங்கே வைக்கப்படுகிறது, எப்போது செலவாகிறது என்பதை அறிந்து கொண்டால் நெல்லில் பதரைக் குறைக்கவும், தீவனப் புல்லைத் தழைக்க வைக்கவும், கோரையை அடக்கவும், கால்நடைகளைக் காக்கவும் வழி பிறக்கும்.

சர்க்கரை பிறக்கும் இடம்

இலையில் உள்ள பச்சையம் சூரிய ஒளியைப் பிடிக்கிறது. அந்தச் சக்தியைக் கொண்டு, வேர் உறிஞ்சித் தரும் நீரையும் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் இணைத்துப் பயிர் சர்க்கரை தயாரிக்கிறது. பிராணவாயு வெளியேறுகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. வெயிலில் இருந்த சக்தி இப்போது சர்க்கரைக்குள் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. மாடு புல்லைத் தின்னும்போதும், மனிதன் சோறு உண்ணும்போதும், அடுப்பில் விறகு எரியும்போதும் அந்தப் பூட்டுத்தான் திறக்கப்படுகிறது.

வயலில் விழும் சூரிய சக்தியில் பயிர் இப்படிப் பிடித்து வைப்பது பெரும்பாலும் 1 சதவிகிதத்துக்கும் குறைவு. எனவே கிடைக்கும் சேமிப்பு வீணாகாமல் பார்த்துக் கொள்வது விவசாயியின் கையில் இருக்கிறது.

சர்க்கரையை ஏன் மாவாக்க வேண்டும்?

சர்க்கரை நீரில் கரையும். ஒரு செல்லுக்குள் சர்க்கரை அதிகமாகச் சேர்ந்தால் அது சுற்றியுள்ள நீரை உள்ளே இழுக்கும். நிறையச் சேமிக்க வேண்டுமானால் கரையாத பொருளாக மாற்றித்தான் சேமிக்க வேண்டும். ஆகவே பயிர்கள் குளுகோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோர்த்து, நெருக்கமாக அடுக்கி, சிறு மணிகளாக ஆக்கி விடுகின்றன. இந்த மணிகளே மாவுச் சத்து. குளிர்ந்த நீரில் இது கரைவதில்லை, இடத்தையும் அடைப்பதில்லை. களத்தில் சிதறிக் கிடக்கும் நெல்லைக் குதிரில் கொட்டி மூடுவது போன்ற ஏற்பாடு இது.

மாவுச் சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. கிளை இல்லாமல் நீண்டிருப்பது அமைலோஸ். மரம் போல் கிளைத்திருப்பது அமைலோபெக்டின். பொதுவாக மாவுச் சத்தில் 20 முதல் 30 சதவிகிதம் அமைலோஸும் மீதி அமைலோபெக்டினும் இருக்கும். அமைலோஸ் மிகுந்த அரிசி உதிரி உதிரியாக வேகும், ஆறினால் விறைக்கும். 1966-ம் ஆண்டு வெளியான ஐ.ஆர். 8 நெல்லின் சோறு ஆறியதும் கெட்டிப்பட்டதற்கு இதுவே காரணம். அமைலோஸ் குறைந்த அரிசி குழைந்து ஒட்டும்.

சேமிப்பை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கொண்டு செல்ல மாவுச் சத்து உதவாது. இலையிலிருந்து கதிருக்கோ கிழங்குக்கோ போக வேண்டுமானால் அது கரையும் சர்க்கரையாகத்தான் பயணம் செய்ய வேண்டும். நம் கரும்பில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான் பெரும்பாலான பயிர்களின் குழாய்களில் ஓடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடியும் மாவாகிறது.

பகலில் வரவு, இரவில் செலவு

ஜெர்மானிய விஞ்ஞானி ஜூலியஸ் சாக்ஸ் 1860-களில் ஓர் எளிய சோதனை செய்தார். இலையின் ஒரு பாதியை வெயில் படாமல் மூடி வைத்து, பிறகு அயோடின் ஊற்றிப் பார்த்தார். வெயில் பட்ட பாதி கருநீலமாயிற்று. மூடிய பாதி மாறவில்லை. மாவுச் சத்து அயோடினுடன் சேர்ந்தால் கருநீலமாகும். ஒளி பட்ட இடத்தில்தான் மாவுச் சத்து உண்டாகிறது என்பது இதனால் உறுதியாயிற்று.

இதைப் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவரை இலை ஒன்றை விடியுமுன்னும் மற்றொன்றை மாலை ஐந்து மணிக்கும் பறித்து, தனித்தனியே கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட் உள்ள சிறு குப்பியில் இலையைப் போட்டு, அந்தக் குப்பியைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் பச்சையம் கரைந்து இலை வெளுக்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். எனவே அடுப்பை அணைத்த பிறகே இதைச் செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இருப்பது அவசியம். வெளுத்த இலையை நீரில் அலசி, மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடினை நீர் கலந்து விட்டால், மாலை இலை நன்றாகக் கறுக்கும். விடியற்கால இலை அவ்வளவாகக் கறுக்காது.

இரவில் ஒளி இல்லை. உணவு தயாரிப்பும் இல்லை. ஆனால் செடி சுவாசிக்கிறது, வளர்கிறது, வேருக்கு உணவு அனுப்புகிறது. பகலில் இலையில் சேர்த்த மாவுச் சத்தைச் சர்க்கரையாக உடைத்து இந்தச் செலவுகளைச் சமாளிக்கிறது. இங்கிலாந்தில் ஜான் இன்ஸ் மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2013-ம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு வியப்பான உண்மையைக் காட்டியது. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடி, கையிருப்பில் உள்ள மாவுச் சத்தை விடியலுக்கு மீதமுள்ள நேரத்தால் வகுத்தாற் போன்ற வேகத்தில் செலவிடுகிறது. வழக்கத்தைவிட முன்னதாக இருட்டாக்கினால் செலவின் வேகத்தைக் குறைத்துக் கொள்கிறது. விடியும்போது இருப்பு ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். ஆனால் விடியுமுன் தீர்ந்து போவதில்லை.

நெல்லின் வழக்கம் சற்று வேறு. அதன் இலைத்தாளில் பெரும்பாலும் சர்க்கரையே இருக்கும். மாவுச் சத்து தண்டைச் சுற்றியுள்ள இலை உறையிலும் தண்டிலும் சேர்கிறது. ஆகவே நெல்லில் சோதிப்பதானால் இலை உறையைச் சோதிக்க வேண்டும். தழைச்சத்து மிகுந்த பயிரில் உறை குறைவாகவும், தழைச்சத்து குறைந்த பயிரில் அதிகமாகவும் கறுக்கும். மேலுரம் இடலாமா என்று அறிய ஜப்பானில் இந்த அயோடின் சோதனையைப் பயன்படுத்தி இருக்கிறார்கள்.

பாசிகளின் களஞ்சியம்

செடிகளுக்கு மூத்தவை பாசிகள். அவற்றின் சேமிப்பிலும் பல வகை உண்டு.

குளத்தில் நூல் நூலாகப் படரும் பச்சைப் பாசிகள் பயிர்களைப் போலவே மாவுச் சத்தைச் சேர்க்கின்றன. அதைப் பச்சையம் உள்ள உறுப்புக்குள்ளேயே, ஒரு புரத மையத்தைச் சுற்றி அடுக்கி வைக்கின்றன. கடலில் வளரும் சிவப்புப் பாசிகள் மாவுச் சத்தைப் பச்சைய உறுப்புக்கு வெளியே வைக்கின்றன. பழுப்புப் பாசிகளில் மாவுச் சத்து கிடையாது; லாமினாரின் என்ற சர்க்கரைச் சங்கிலியும் மானிட்டால் என்ற இனிப்புப் பொருளுமே அவற்றின் இருப்பு. டயாட்டம் என்னும் நுண்பாசிகள் எண்ணெயையும் சேர்த்துக் கொள்கின்றன. நீலப்பச்சைப் பாசிகள் கிளைகோஜன் என்ற பொருளைச் சேர்க்கின்றன. மனிதனின் ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படுவதும் இந்தக் கிளைகோஜன்தான்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். இராமநாதபுரம் கடற்கரையில் எடுக்கப்படும் கஞ்சிப்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் என்னும் பசைப்பொருளும் சர்க்கரைச் சங்கிலிதான். ஆனால் அது பாசியின் உணவுச் சேமிப்பு அல்ல. அதன் உடலைத் தாங்கும் சுவர்ப்பொருள். நெல்லில் அரிசி சேமிப்பு, வைக்கோல் சுவர் என்பது போன்ற வேறுபாடு இது.

பாசி ஆராய்ச்சியில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எம்.ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886-1963) இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஈர மண்ணில் வளரும் பிரிட்ஷியெல்லா டியூபரோசா என்ற பச்சைப் பாசியை அவர் 1932-ம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். இதன் ஒரு பகுதி மண்ணுக்கு மேலும், ஒரு பகுதி மண்ணுக்குள்ளும் இருக்கும். மண் காயும்போது உள்ளே இருக்கும் செல் கொத்துகள் கிழங்கு போல் உயிரைத் தாங்கி நின்று, ஈரம் பட்டதும் துளிர்க்கின்றன. டியூபரோசா என்ற பெயரே கிழங்கு உடையது என்று பொருள்படும். அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி எழுதிய பெரும் நூலை 1959-ம் ஆண்டு இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்டது. நெல் வயலில் வளரும் இந்தப் பாசிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருவதை பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி 1939-ம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டியிருந்தார். இந்தப் பணிக்கு ஏராளமான சக்தி தேவை. அதைத் தருவது ஒளிச்சேர்க்கையும் பாசி சேர்த்து வைத்த சர்க்கரைப் பொருளும்தான். ஹெக்டேருக்கு 10 கிலோ வீதம், நட்ட 10-ம் நாள் பாசி உரம் இட்டு வயலில் நீர் நிறுத்தச் சொல்வது, பயிர் அடர்ந்து நிழல் கட்டுமுன் பாசிக்கு வெயில் கிடைப்பதற்காகவே.

தரமணியில் உள்ள முருகப்பா செட்டியார் ஆராய்ச்சி மையம் 1980-களில் ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசியைக் கிராமங்களில் தொட்டி கட்டி வளர்க்கும் முறைகளில் ஈடுபட்டது. புரதத்துக்காக வளர்க்கப்படும் இந்தப் பாசியைக் காலையில் அறுவடை செய்வது வழக்கம். இரவில் கிளைகோஜன் செலவாகி விடுவதால், காலையில் எடுக்கும் பாசியில் புரதத்தின் பங்கு கூடுதலாக இருக்கும்.

ஏரிப் படலம்: எச்சரிக்கை தேவை

இனி ஏரிக் கரைக்குத் திரும்பலாம். சாக்கடை கலந்த நீரில் சாயம் போல் மிதப்பது பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற நீலப்பச்சைப் பாசியாக இருக்கும். இதன் செல்களுக்குள் காற்று நிறைந்த நுண்ணிய குழல்கள் உண்டு. அவை மிதவை போலப் பாசியை மேலே தூக்குகின்றன. பகலில் சேரும் கிளைகோஜன் போன்ற சர்க்கரைப் பொருள்கள் நீரைவிடக் கனமானவை. பளு மிஞ்சியதும் பாசி கீழே இறங்குகிறது. அடியில் மணிச்சத்தும் தழைச்சத்தும் கிடைக்கின்றன. இரவில் பளு குறைந்ததும் மிதவை வேலை செய்து, விடியலில் முதல் வெயிலுக்கு மேலே வந்து விடுகிறது. மற்றப் பாசிகளை இது வென்று பெருகுவதற்கு இந்த ஏற்றமும் இறக்கமும் பெரிதும் உதவுகின்றன.

இதனால் வரும் ஆபத்துகள் இரண்டு. முதலாவது, பாசி மிகுந்த நீரில் இரவெல்லாம் பாசியே சேமிப்பை எரித்துச் சுவாசிப்பதால் பிராணவாயு குறைகிறது. விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பது இதன் அறிகுறி. பாசி ஒட்டு மொத்தமாகச் செத்து அழுகும்போது நிலைமை மோசமாகி மீன்கள் கூட்டமாக மடிகின்றன. மீன் வளர்ப்போர் இந்த அறிகுறி தென்பட்டதும் தீவனத்தை நிறுத்தி, புது நீர் பாய்ச்சவோ இயந்திரத்தால் நீரைக் கலக்கவோ வேண்டும். படலத்தைக் கொல்லும் மருந்தை ஒரேயடியாகத் தெளிப்பது கூடாது. பாசி முழுவதும் ஒரே நாளில் செத்தால் மீன்களும் சேர்ந்து சாகும்.

இரண்டாவது, மைக்ரோசிஸ்டிஸ் வகைகளில் பல ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. காய்ச்சுவதால் இந்த நஞ்சு அழிவதில்லை. காற்று தள்ளிய பக்கத்தில் படலம் தடித்துக் கிடக்கும். மாடு, ஆடு, நாய் முதலியவை அங்கே நீர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. பிற்பகலில் தண்ணீர் தெளிந்தாற்போல் தெரிவதை நம்பி ஏமாறக் கூடாது. பாசி கீழேதான் இருக்கிறது. படலம் காணும் நாட்களில் கிணற்று நீரையோ குழாய் நீரையோ தொட்டியில் நிரப்பிக் கால்நடைகளுக்குக் காட்ட வேண்டும். அந்த நீரைக் கீரைப் பாத்திகளுக்குத் தெளிப்பதையும் தவிர்ப்பது நலம்.

நிரந்தரத் தீர்வு, பாசிக்கு உரமாகும் சாக்கடையை ஏரிக்குள் விடாமல் தடுப்பதுதான். 2021-ம் ஆண்டு ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஆகிய ஊர்களின் ஏரிகள் இப்போது அதன் எல்லைக்குள் இருக்கின்றன. வயல்களுக்கு நீர் தந்த ஏரிகள் வீடுகளின் கழிவு நீரைத் தாங்கும் நிலைக்கு வந்தன. செம்பாக்கம் ஏரியில் அண்மை ஆண்டுகளில் தொண்டு நிறுவனங்களின் துணையோடு சீரமைப்புப் பணி நடந்திருக்கிறது. தூர் வாருவதோடு கழிவு நீர் வரத்தையும் கட்டுப்படுத்தினால்தான் இத்தகைய பணிகளின் பலன் நிலைக்கும்.

நெல்மணி நிரம்பும் 30 நாட்கள்

படப்பை, மாம்பாக்கம், திருப்போரூர்ப் பக்கம் நெல் வயல்கள் இன்னும் இருக்கின்றன. செங்கற்பட்டு வட்டாரத்துக்குப் பழகிய சொர்ணவாரி, சம்பா, நவரைப் பட்டங்களே இங்கும் நடைமுறை. ரகம் எதுவானாலும் பூத்ததிலிருந்து மணி முற்ற ஏறத்தாழ 30 நாட்கள் ஆகும். விவசாயியின் வருமானம் இந்த 30 நாட்களில்தான் மணிக்குள் இறங்குகிறது.

மணியில் சேரும் மாவுச் சத்தில் பெரும் பங்கு, பூத்த பிறகு கண்ணாடி இலையும் அதற்கடுத்த இரண்டு மூன்று இலைகளும் தயாரிப்பது. சுமார் நான்கில் ஒரு பங்கு, பூப்பதற்கு முன்பே தண்டிலும் இலை உறையிலும் சேர்த்து வைத்தது. மேகமூட்டமோ பூச்சித் தாக்குதலோ வந்து இலையின் வரவு குறையும்போது தண்டின் இருப்பு கைகொடுக்கிறது. இரண்டும் போதாவிட்டால் மணி பதராகிறது, அல்லது அரைகுறையாக நிரம்புகிறது. அரிசியின் நடுவே சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் பொட்டு காணப்படுவது மாவு மணிகள் நெருங்கி அடையாமல் இடையே காற்று நின்றதன் அடையாளம். அத்தகைய அரிசி ஆலையில் நொய்யாகும்.

செலவுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரவு வெப்பம் கூடினால் பயிரின் சுவாசமும் கூடும். பகலில் சேர்த்ததில் அதிகப் பங்கு எரிந்து போகும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் பல ஆண்டுகள் எடுத்த கணக்கு 2004-ம் ஆண்டு வெளியாயிற்று. கோடைப் பருவத்தில் இரவு நேர வெப்பநிலை ஒரு டிகிரி சென்டிகிரேட் கூடும்போது மகசூல் 10 சதவிகிதம் குறைந்ததை அது காட்டியது. நகரம் நெருங்கி வரும் ஊர்களில் இது கவலை தரும் செய்தி. கட்டடங்களும் தார்ச் சாலைகளும் பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் வெளிவிடுவதால் அங்கே இரவுகள் எளிதில் குளிர்வதில்லை.

விவசாயி வானத்தை மாற்ற முடியாது, பட்டத்தை மாற்றலாம். 110 நாள் வயதுள்ள நவரை நெல்லை டிசம்பர் மத்தியில் விதைத்தால் மார்ச் முதல் வாரத்தில் பூத்து ஏப்ரல் தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். அதையே ஜனவரி கடைசியில் விதைத்தால் ஏப்ரல் 20-ம் தேதியை ஒட்டிப் பூக்கும். மணி நிரம்பும் நாட்கள் அக்கினி நட்சத்திரத்தில் விழும். பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தமும் கெடும். ஆறு வாரத் தாமதம் இரண்டு வகையிலும் நஷ்டத்தைத் தருகிறது.

சேமிப்பு குறையாமலிருக்க மேலும் சில முறைகளைக் கையாள வேண்டும்:

1. விதை நெல்லை உப்பு நீரில் தேர்வு செய்ய வேண்டும். நல்ல கோழி முட்டை மிதந்து, அதன் மேற்புறம் ஒரு நாணயம் அளவுக்கு நீருக்கு மேல் தெரியும் வரை உப்பைக் கரைக்க வேண்டும். மிதக்கும் நெல்லை நீக்கி, மூழ்கிய விதையை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி விதைக்க வேண்டும். கனமான விதையில் நாற்றின் முதல் சில நாட்களுக்கான உணவு நிறைந்திருக்கிறது.

2. தழைச்சத்தை ஒரே தடவையில் கொட்டக் கூடாது. தேவைக்கு மேல் தழைச்சத்து கொடுத்தால் சர்க்கரை எல்லாம் புது இலைகளுக்கே செலவாகி, தண்டில் இருப்பு குறையும். பயிர் சாய்ந்து ஒன்றை ஒன்று நிழலால் மூடும்.

3. சாம்பல் சத்தை மறக்கக் கூடாது. சர்க்கரை இலையிலிருந்து கதிருக்குப் போகவும், அங்கே மாவாக மாறவும் சாம்பல் சத்து தேவை. மண் பரிசோதனைப்படி இதைப் பிரித்து, கதிர் உருவாகும் பருவத்திலும் ஒரு பங்கை இட வேண்டும்.

4. கண்ணாடி இலையைக் காப்பது கதிரைக் காப்பதற்குச் சமம். பூக்கும் தருணத்தில் இலைச்சுருட்டுப் புழு, பாக்டீரியா இலைக்கருகல், இலை உறை அழுகல் ஆகியவை தோன்றுகின்றனவா என்று வாரம் இரு முறை பார்க்க வேண்டும்.

5. பால் பிடிக்கும் பருவத்தில் வயல் காயக் கூடாது. அறுவடைக்குச் சுமார் 15 நாட்களுக்கு முன் நீரை வடிப்பது போதும்.

பனை, மரவள்ளி, கரும்பு

பனங்கொட்டையில் சேமிப்பின் மூன்று நிலைகளையும் காணலாம். இளசாக இருக்கும்போது நுங்கு. முற்றினால் அதே பகுதி கல் போலாகிறது. இந்தக் கடினப் பொருள் மாவுச் சத்து அல்ல. செல் சுவர்களில் படிந்த வேறொரு சர்க்கரைச் சங்கிலி. கொட்டை முளைக்கும்போது உள்ளே இனிப்பான வெண்ணிறப் பஞ்சு போன்ற உறுப்பு வளர்ந்து, அந்தக் கல்லைக் கரைத்து உறிஞ்சுகிறது. பிறகு அது மண்ணுக்குள் இறங்கும் முளையில் மாவுச் சத்தாகச் சேர்கிறது. பொங்கல் சமயத்தில் விற்பனைக்கு வரும் பனங்கிழங்கு இதுதான். தரைக்கு மேல் கீற்று விரிந்து வளர விட்டால் கிழங்கின் மாவு குறைந்து நார் மிகும். ஆகவே பருவத்தில் தோண்டி எடுப்பது அவசியம்.

சேலம், நாமக்கல் பகுதியின் ஜவ்வரிசித் தொழில் மரவள்ளியின் மாவுச் சத்தை நம்பி நிற்கிறது. பச்சைக் கிழங்கில் சுமார் 25 முதல் 30 சதவிகிதம் மாவு இருக்கும். பிடுங்கிய இரண்டு மூன்று நாட்களில் கிழங்கு கெடத் தொடங்குவதால் ஆலைக்குச் சொல்லி வைத்த பிறகே பிடுங்க வேண்டும். கரும்பு மாவாக்காமல் சர்க்கரையாகவே தண்டில் சேமிக்கும் பயிர். வெட்டிய பின்னும் கரும்பு சுவாசிக்கிறது, சுக்ரோஸும் சிதைகிறது. வெட்டிய 24 மணி நேரத்துக்குள் ஆட்டும்படி சொல்வது இதனால்தான்.

தீவனப் புல்லும் கோரையும்

அறுத்த புல்லில் இலை இல்லை, ஒளிச்சேர்க்கையும் இல்லை. புதுத் தளிர் வருவது தண்டின் அடியில் சேர்ந்த இருப்பைக் கொண்டுதான். கோ 4 கம்பு நேப்பியர் புல்லை முதல் முறை 75 முதல் 80 நாட்களிலும், பிறகு 45 நாட்களுக்கு ஒரு முறையும் அறுக்கலாம். மாட்டுக்குப் பசி என்று 25 நாட்களிலேயே அறுத்தால் இருப்பு மீண்டும் நிரம்புமுன் காலியாகும். நான்கைந்து அறுப்பில் தூர் மெலிந்து சாகும். தரையோடு ஒட்ட அறுக்காமல் அரை அடி விட்டு அறுப்பது நல்லது.

அமெரிக்காவில் குதிரைமசால் வைத்து நடத்திய ஆய்வுகளில், காலையில் அறுத்ததைவிட மாலையில் அறுத்த தீவனத்தில் சர்க்கரைப் பொருள்கள் அதிகம் இருந்தன. மாடுகளும் மாலையில் அறுத்ததையே விரும்பித் தின்றன. கறவை மாடு வைத்திருப்போர் பசுந்தீவனத்தைப் பிற்பகலில் அறுத்துப் பார்க்கலாம். செலவில்லாத முறை இது. கால்நடைத் தீவனம் பற்றிய ஐயங்களுக்குக் காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

புல் விஷயத்தில் எதைச் செய்யக் கூடாதோ, கோரை விஷயத்தில் அதையே செய்ய வேண்டும். கோரையின் பலம் மண்ணுக்குள் சங்கிலியாக ஓடும் கிழங்குகளில் உள்ள மாவுச் சத்து. மேலே உள்ளதைக் கிள்ளி விட்டால் கிழங்கிலிருந்து மறுபடி முளை வரும். அந்த முளை இலை விரித்துச் சம்பாதித்துக் கிழங்குக்குத் திருப்பி அனுப்புமுன், இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறை விடாமல் களைந்து வந்தால் கிழங்கின் இருப்பு கரையும். இடையில் ஒரு மாதம் விட்டு விட்டால் முன்பு பட்ட பாடு வீண். இத்துடன் கோடை உழவு செய்து கிழங்குகளை வெயிலில் காய விடுவதும் சேர்ந்தால் பலன் கூடும்.

அறுவடைக்குப் பிறகும் செலவு உண்டு

களத்தில் குவித்த நெல்லும் உயிருள்ள விதையே. ஈரம் இருக்கும் வரை அது வேகமாகச் சுவாசிக்கும். மாவுச் சத்து எரிந்து கரியமில வாயுவும் நீரும் வெப்பமும் வெளிவரும். ஈர நெல் குவியலுக்குள் கையை விட்டால் சுடுவது இதனால்தான். அந்த வெப்பமும் ஈரமும் பூஞ்சணத்தை அழைக்கின்றன, நெல் பழுக்கிறது. எடை குறைகிறது, விலையும் குறைகிறது. மழையில் சாய்ந்த சம்பாக் கதிர் வயலிலேயே முளைப்பதும் இதன் அடுத்த கட்டம். முளை கிளம்பும்போது விதைக்குள் ஒரு நொதி உண்டாகி மாவைச் சர்க்கரையாக உடைக்கிறது. கேழ்வரகை முளை கட்டி மால்ட் செய்யும்போது இந்த நொதி இனிப்பைத் தருகிறது. நெற்கதிரில் அதே நொதி நஷ்டத்தைத் தருகிறது.

அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவிகிதம். முறை வரும் வரை காத்திருக்க நேர்ந்தால் நெல்லை உயரமாகக் குவிக்காமல் பரப்பி, அவ்வப்போது கிளறி விட வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடியதை மழை விட்டவுடன் திறந்து காற்றாட விட வேண்டும். விதைக்கு வைப்பதை 12 முதல் 13 சதவிகிதம் வரை காய வைத்துச் சேமித்தால் சுவாசம் அடங்கி, முளைப்புத் திறன் நிலைக்கும்.

பட்டம் தவறாமல் விதைத்து, கண்ணாடி இலையைக் காத்து, அறுத்த நெல்லை உடனே உலர்த்தினால் பயிர் சேர்த்ததில் பெரும் பகுதி விவசாயியின் வீடு வந்து சேரும். விடியலில் ஏரியில் பச்சைப் படலம் தெரிந்தால், அன்று மாடுகளுக்குக் கிணற்று நீரையே காட்ட வேண்டும்.